கோபுரத்து ராணி கேட்ட கேள்வி

பிப்ரவரி 4

அருமை மகளுக்கு,

'அருமை' பழக்கதோஷத்தில் விழுந்துவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். வேறு காரணம் இல்லை.

போனில் பேசினால் கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் படும். நான் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன். அந்த பெஞ்சுக்கு என்மேல் அவ்வளவு பாசம். ஆகவே பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. அடுத்தவரைத் திருத்துவதுதான் உனக்குக் கைவந்த கலையாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தப்பு. மேஜையில் அடித்தது தப்பு. டீ கொட்டி, அந்தப் பல் டாக்டர் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த வரைபடம் ஊறிப்போனது பெரிய தப்பு. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவரிடம் மட்டும்.

'ஒரே ஒரு தடவை வந்து விளையாடிப் பாருங்கப்பா' என்று ஆறு மாதம் கூப்பிட்டாய். வந்தேன். ஐந்து பெரிய மனுஷர்கள் மேஜையைச் சுற்றி உட்கார, நீ கதை சொல்ல, ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கொண்டு 'நான் இப்படிச் செய்கிறேன்' என்று நாங்கள் சொல்ல, நடக்குமா நடக்காதா என்று இருபது பக்கப் பகடை ஒன்று தீர்ப்புச் சொல்கிறது. பாதியில் வந்தவன் என்பதால் எனக்கு, ஏற்கெனவே செத்துப்போன ஒரு குள்ளனின் அண்ணன் வேஷம். கையில் கோடாரி. 'உங்க உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்குப்பா' என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிலந்தியை வெட்டினேன். குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொண்ட பூதத்தை வெட்டினேன். முப்பது வருஷத்தில் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாக 'அண்ணே, நீங்க முன்னால போங்க' என்றதில்லை.

பிறகு கோபுரத்து உச்சிக்குப் போனோம். ராஜாவாக விளையாடிய பல் டாக்டர் கதவைத் திறந்தார். மாயப் பனியில் நினைவு போன ராணி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ராஜாவைப் பார்த்து என்ன கேட்டாள்?

'நீங்க யாரு? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். நீங்க இங்க நிக்கறதைப் பார்த்தா நல்லா இருக்காது.'

ஒரு எழுத்துகூட மாற்றவில்லை நீ. குரலைக்கூட மாற்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நினைவு தப்பிச் சாகக் கிடந்த உன் அம்மா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக் கேட்டது. பல் டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு 'ஐயோ, செம!' என்றார். பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர் 'எனக்குப் புல்லரிச்சுப்போச்சு' என்று கையை நீட்டிக் காட்டினார்.

பெற்றவளை ஊர் புல்லரிப்பதற்கு வைத்து விளையாடுகிறாய். அதைத்தான் அங்கே கத்தினேன். இங்கே எழுத்திலும் சொல்கிறேன்.

அப்பா


பிப்ரவரி 8

அப்பா,

கிழிக்கவில்லை. முழுவதும் படித்தேன். இரண்டு தடவை.

முதலில் அந்தச் சிவப்பு அட்டை. மேஜை நடுவில் வைத்திருந்தேன். விளையாட்டு ஆரம்பிக்கும்போது எல்லாருக்கும் சொன்னேன்: யாருக்காவது ஒரு காட்சி தாங்கவில்லை என்றால் அதைத் தொடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம், அந்தக் காட்சி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் தலையாட்டினீர்கள். பக்கத்திலேயே இருந்தது. ஒரு விரல் போதும். அதைத் தொடாமல் மேஜையை ஓங்கி அடித்தீர்கள்.

என் நண்பர்கள் முன்னால், என் வீட்டில், என்னைப் பார்த்து 'அம்மாவை விக்கறியா' என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். போவது உங்களுக்குப் புதிது இல்லை.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அந்த அறையில் பத்தொன்பது நாள் நான் இருந்தேன். நீங்கள் ஒரே ஒரு நாள் உள்ளே வந்தீர்கள். அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். நீங்கள் வெளியே போனீர்கள். அதற்கப்புறம் வராந்தாவில், தண்ணீர்க் கேன் பக்கத்தில், நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டு நின்றீர்கள். அதில் கை கழுவும் முறை ஏழு படங்களாகப் போட்டிருக்கும். பத்தொன்பது நாள் படிக்க அதில் ஒன்றும் இல்லை அப்பா.

அந்தக் கேள்வியை அவர்கள் என்னிடமும் கேட்டார்கள், வேறு மாதிரி. நர்ஸிடம் கேட்டார்கள். ஜன்னலிடம் கேட்டார்கள். அது உங்கள் சொத்து இல்லை. நான் கேட்டது, நான் தாங்கினது. அதை எங்கே வைக்கலாம் என்று நான்தான் முடிவு செய்வேன்.

மற்றவர்களும் விளையாட இந்தக் கதையை நான் எழுதிவைத்திருக்கும் சாகசப் புத்தகம் இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அந்தக் காட்சியோடுதான் போகும்.


பிப்ரவரி 11

மகளே,

இந்தத் தடவை அருமை இல்லை.

அட்டை விஷயத்தில் நான் முட்டாள். ஒத்துக்கொள்கிறேன். சிவப்பு அட்டை என்றால் எனக்குத் தெரிந்தது கால்பந்துதான். அதைத் தொட்டால் ஆட்டத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீ விளக்கம் சொன்னபோது நான் பகடையில் எத்தனை முக்கோணம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் விளைந்த அதே பயிர். மகள் கூப்பிட்ட முதல் ஆட்டத்திலேயே 'அவுட்' ஆகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பல் விட்டுவிட்டது.

அன்றைக்கு நீ கொடுத்த புத்தகத்தின் மாதிரிப் பிரதியைப் படித்தேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், பாய்லர் ரூமில். பையன்கள் 'என்னண்ணே, பரீட்சையா' என்று கிண்டல் பண்ணினார்கள். பேனாவால் அங்கங்கே குறித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பக்கம் பன்னிரண்டில் தலை வெட்டுகிற இடம் ஜோர். இன்னும் இரண்டு தலை சேர்க்கலாம். கண்ணில்லாத நாய் வருகிற இடத்தில் டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டேன், அப்படி எழுதியிருக்கிறாய். உனக்குப் பயமுறுத்தத் தெரியும். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கம்.

எனக்குப் பயம் பற்றித் தெரியாது, பிரஷர் பற்றித் தெரியும். ஓட்டல், ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் துவைக்கிற கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக பாய்லர் ஓட்டுகிறேன். புதிதாக வருகிறவன் பிரஷர் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பான், எத்தனை பவுண்டு, எத்தனை பவுண்டு என்று. முள் பெரிய விஷயம் இல்லை. தகடு எத்தனை தாங்கும் என்பதுதான் விஷயம். நூறு பவுண்டு புது பாய்லருக்குத் தூசு. ஒட்டுப் போட்ட பாய்லருக்கு அதே நூறு சாவு. உன் பூதமும் குடலும் எல்லாத் தகடும் தாங்கும். அந்தக் கேள்வியை ஒட்டுப் போட்டவன் தாங்க மாட்டான். உன் புத்தகத்தை வாங்கி விளையாடுகிற வீட்டில் ஒட்டுப் போட்டவன் எவன் உட்கார்ந்திருப்பான் என்று உனக்குத் தெரியுமா? உன் மேஜையிலேயே தெரியவில்லையே.

அந்தக் காட்சியை எடு. கெஞ்சவில்லை. அப்பாவாகச் சொல்கிறேன்.

அப்பா


பிப்ரவரி 15

அப்பா,

குறிப்புகளுக்கு நன்றி. இரண்டு தலை சேர்த்துவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் பக்கம் அப்படியே இருக்கிறது.

நீங்கள் மட்டும்தான் ஒட்டுப் போட்டவரா? என்னை எந்தக் கடையில் புதிதாக வாங்கினீர்கள்?

குடலையும் தலையையும் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஒரு கையால் பகடை உருட்டிக்கொண்டு இன்னொரு கையால் பிஸ்கட் தின்பார்கள். நீங்களே நான்கு தின்றீர்கள், எண்ணினேன். அதெல்லாம் அலங்காரம். நிஜமான பயம் ஒன்றே ஒன்றாவது இல்லாத கதை எதற்கு? எனக்குத் தெரிந்த நிஜமான பயம் அது ஒன்றுதான். 'தாங்காதவர் தொடலாம்' என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன், அட்டையையும் புத்தகத்தோடு கொடுக்கிறேன். அதற்கு மேல் என்ன செய்ய?

அந்தக் காட்சியில் ஜெயிக்க வழியே இல்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், மூன்று ஆச்சரியக்குறி போட்டு. ஆமாம், இல்லை. 'நான்தான் உன் புருஷன்' என்று நிரூபிக்கப் பார்த்தால் அவள் அலறுவாள். வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போனால் செத்துப்போவாள். விட்டுவிட்டு ஓடினால் உயிர் பிழைக்கலாம், வெட்கத்தோடு. மூன்றே வழி. நான் கற்பனை பண்ணி எழுதவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். முதல் வழியை நான் முயற்சி பண்ணினேன், கல்யாணப் போட்டோவைக் காட்டி. அவர்கள் அலறினது உங்களுக்கு வராந்தாவில் கேட்டிருக்கும். மூன்றாவது வழியை நீங்கள் எடுத்தீர்கள்.

உங்களுக்குக் கோபம் அந்தக் கேள்வி மேல் இல்லை அப்பா. மூன்றாவது வழி மேல். அச்சில் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இது பற்றி இனி எழுத வேண்டாம்.


பிப்ரவரி 18

மகளே,

எழுத வேண்டாம் என்றாய். என் வாழ்க்கையில் யார் சொல்லி எதை நிறுத்தியிருக்கிறேன்?

நாலாவது வழி ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாது, அதனால்தான் புத்தகத்தில் இல்லை.

நீ தினம் ஒரு மணிக்குக் கீழே கேன்டீனுக்குச் சாப்பிடப் போவாய். அந்த இரண்டாவது நாள் நீ போனதும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தேன். நான் ஷிப்டிலிருந்து நேராக வந்திருந்தேன், அழுக்குக் காக்கிச் சட்டை, பையில் ஸ்பானர். அவள் பார்த்துவிட்டாள். 'நீங்க யாரு' என்று மறுபடி ஆரம்பித்தாள். முகத்தில் அந்தப் பயம். அதை இன்னொரு தடவை பார்ப்பதற்கு நான் செத்துப்போயிருக்கலாம். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

'வெந்நீர் சரியா வருதான்னு பார்க்க வந்தேம்மா.'

பயம் அப்படியே இறங்கிவிட்டது. கோபம் ஏறியது. 'இப்பத்தான் வர்றீங்களா? வந்ததுலேர்ந்து ஆறிப்போன தண்ணி வருது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல' என்று பிடித்துக்கொண்டாள். நான் வாஷ்பேசின் குழாயைத் திறந்தேன், மூடினேன், தட்டினேன். 'நாளைக்கு வந்து மறுபடி பார்க்கிறேன்' என்றேன். 'கட்டாயம் வாங்க. சொல்லிட்டு வராம இருந்துடாதீங்க' என்றாள்.

வந்தேன். பதினேழு நாள், தினம் அந்த நேரத்துக்கு. நர்ஸம்மாவுக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை. நாலாவது நாள் 'உட்காருங்க, நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் பார்ப்பீங்க' என்று நாற்காலியைக் காட்டினாள். நீ திரும்பி வருகிற சத்தம் லிஃப்டில் கேட்டதும் வராந்தாவுக்குப் போய்விடுவேன். நீ 'அப்பா'ன்னு கூப்பிட்டால் என் வேஷம் கலைந்துவிடும், அவள் மறுபடி பயப்படுவாள். அதனால்தான் உன்னோடு உள்ளே வரவில்லை. நோட்டீஸ் போர்டை நான் படிக்கவே இல்லை. உள்ளே இருக்கும்போது ஒன்றரை மணி ஆகிவிடுமோ என்று பயந்தேன், வெளியே ஒரு மணி எப்போது ஆகும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

உன் பக்கத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது எதனால் என்றால், பயமுறுத்திவிட்டுக் கையைக் கட்டிப்போட்டிருக்கிறாய். எவ்வளவு பயம் வேண்டுமானாலும் வை, நூறு பவுண்டு வை. ஆனால் உள்ளே போகிறவன் கையில் ஒரு வேலையைக் கொடு. குழாயைத் தட்டுகிற வேலையாவது. வேலையே இல்லாத பயம் கதை இல்லை, வதை.

அப்பா


பிப்ரவரி 21

அப்பா,

அச்சுக்காரரிடம் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இருந்த கோபமெல்லாம் போய்ப் புதுக் கோபம் வந்திருக்கிறது. இது பெரிசு.

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக உங்களை ஓடிப்போனவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பேச்சிலும் குத்தினேன். நீங்கள் ஏதோ ஜோக் அடித்துவிட்டுப் போனீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னைக் கெட்டவளாக்கிவிட்டு நீங்கள் நல்லவராக இருந்திருக்கிறீர்கள், ரகசியமாக. அது என்ன பெருந்தன்மை?

இன்னும் இருக்கிறது. அம்மா என்னிடம் பேசவே இல்லை. நான் யார் என்று நிரூபித்துக்கொண்டே இருந்தேன். 'நான்தாம்மா, உங்க பொண்ணு' என்று தினம் பத்துத் தடவை. அவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். நான் ஆறிப்போன சாப்பாட்டைக் கேன்டீனில் விழுங்கிக்கொண்டிருந்தபோது, அதே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு வேஷம் சொல்லிக் கொடுத்திருக்கலாமே! விரிப்பு மாற்ற வந்த பெண் என்று போயிருப்பேனே. கூட்டிப் பெருக்குகிறவளாகப் போயிருப்பேனே.

அவர்கள் என்ன பேசினார்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள். புத்தகத்துக்கு இல்லை. எனக்கு.

ஜோக் வேண்டாம்.


பிப்ரவரி 24

அருமை மகளுக்கு,

சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு மட்டும் கிடைத்தது, அதைப் பங்கு வைக்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. பிறகு வெட்கமாகிவிட்டது. நாள் ஆக ஆக எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. நீ திட்டும்போது 'திட்டட்டும், பாதி சரிதானே' என்று இருந்தேன். இதில் பெருந்தன்மை ஒரு குண்டூசி அளவுகூட இல்லை.

ஜோக் வேண்டாம் என்றாய். ஆனால் அவள் சொன்னதே அப்படித்தான், நான் என்ன செய்ய?

'எங்க வீட்டுக்காரரும் உங்க மாதிரிதான், பாய்லர்ல வேலை. ஆனா அவர் நல்ல உயரம்' என்றாள். என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டுச் சொன்னாள். அதிகத் தூரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 'ஊர்த் துணியெல்லாம் அவர் கம்பெனியில துவைக்கிறாங்க. வீட்டுல ஒரு கைக்குட்டை அலசத் தெரியாது' என்றாள். குறட்டையைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொன்னாள். நான் 'அப்படியாம்மா, பாவம் நீங்க' என்றேன்.

உன்னைப் பற்றியும் சொன்னாள். 'பொண்ணு ஒருத்தி இருக்கா. கதை கட்டுவா. அத்தனையும் பயங்கரம். நான் அடுப்பு வேலையா இருக்கும்போது பின்னால வந்து நின்னு சொல்லுவா. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கும். போதும்டின்னு சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன். பயந்தாதானே அவ பக்கத்துல வந்து என் கையைப் பிடிச்சுப்பா' என்றாள். நீ அந்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவளிடம் பேசிக்கொண்டிருந்த அதே வாரம், அவள் இதை என்னிடம் சொன்னாள். நீ அவள் மனசில் இருந்தாய். உன் முகம்தான் இல்லை.

கடைசி நாளைக்கு முந்தின நாள். குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, 'இன்னிக்கு நல்லா சூடா வருதும்மா' என்றேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை. 'நீங்க வெளியில போறப்ப எங்க வீட்டுக்காரரைப் பார்த்தா ஒண்ணு சொல்லிடறீங்களா' என்றாள். சொல்லுங்கம்மா என்றேன். 'எனக்கு அவர் மேல ரொம்பக் கோபம்னு சொல்லுங்க. இத்தனை நாள் ஆச்சு, வந்து எட்டிப் பார்க்கல. வரட்டும், பேசவே மாட்டேன். ஆனா வரட்டும்.'

சொல்கிறேன்மா என்று வந்துவிட்டேன். தினம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அச்சில் போடாதே. மற்றதெல்லாம் உன் இஷ்டம். அந்தக் கேள்வி உன்னுடையதும்தான், வைத்துக்கொள்.

அப்பா


மார்ச் 5

அப்பா,

நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்:

'ராணி, நீங்க யாரு என்று கேட்பாள். கதை நடத்துபவர் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஆட்டக்காரர் தன்னை நிரூபிக்கப் பார்த்தால் அவள் அலறுவாள். தூக்கிப் போனால் இறப்பாள். ஓடிப்போனால் உயிர் பிழைக்கலாம். ஆட்டக்காரர் வேறு யாராகவாவது, ஏதாவது ஒரு வேலையாக உள்ளே போனால், பகடை உருட்டச் சொல்லாதீர்கள். அவள் நாற்காலி கொடுப்பாள், பேசுவாள். அவளுக்கு நினைவு திரும்பாது. எந்த மந்திரத்தாலும் திரும்பாது. இதை மட்டும் மாற்றாதீர்கள்.'

போன ஞாயிற்றுக்கிழமை விளையாடிப் பார்த்தோம். நான்காவது வழி இருப்பதை நான் சொல்லவில்லை. பல் டாக்டர் கதவருகில் வந்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றிக் கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, 'பல்லு பார்க்க வந்திருக்கேன்மா' என்று உள்ளே போனார். ராணி பேசினாள். நான் பேசினேன், அவள் குரலில். யாரும் 'செம' சொல்லவில்லை. பிஸ்கட் தட்டு அப்படியே இருந்தது. கணக்கு டீச்சர் ஒரு கட்டத்தில் அட்டையைத் தொட்டார். நிறுத்தினோம், ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு அவரே 'ம், மேல சொல்லு' என்றார்.

உங்கள்மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. அதைக் கடிதத்தில் எழுதி மாளாது.

பல் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். 'எவ்வளவு நேரம் உட்காரலாம்? எப்ப எழுந்திரிக்கணும்? அவங்களுக்குச் சந்தேகம் வராம எப்படி விடைபெறணும்?' புத்தகத்தைப் புரட்டினேன். விதி எதுவும் எழுதவில்லை. எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்த ஒருத்தர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவார், அவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கு ஆரம்பிக்கிறோம்.